மூலையில் இருந்த ஒரு வரி

சகாயராஜ் இறந்த செய்தி வந்தபோது நான் அவர்மேல் கோபமாக இருந்தேன். முந்தின நாள் சாயங்காலம்தான் என்னோடு சண்டை போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மறுநாள் மதியம் அரூரில் ஒரு வேலையாக நின்றுகொண்டிருந்தேன். அவர் மகள் போன் செய்தாள். “அங்கிள், அப்பாவுக்குக் காலையில நெஞ்சு வலி. போயிட்டாங்க. நாலு மணிக்குக் கோயில்ல பூசை, அப்புறம் அடக்கம். வந்துடுங்க.”

அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், மனிதர் எதற்குச் சண்டை போடுவார் என்று. தருமபுரியில் அவரும் நானும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து நடத்தும் ஆபீஸில் கால் டாக்சிக்கான ஆப் செய்தோம். அதிலிருக்கும் மேப் நாங்கள் வரைந்ததல்ல. ஊர் ஊராக ஆட்கள் தாங்களே வரைந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் மேப். அவர்களுடைய முக்கியமான நிபந்தனை, மேப்பின் மூலையில் இது இன்னாருடையது என்று ஒரு வரி போடவேண்டும். அந்த வரியைத் தொட்டால் அவர்களுடைய பக்கம் திறக்கும். அவ்வளவுதான். அந்த அவ்வளவையும் நான் எடுத்துவிட்டேன்.

எடுக்கச் சொன்னவர் எங்களுக்கு அந்த வேலையைக் கொடுத்த டாக்சிக்காரர். “நம்ம ஆப்புல எதுக்குங்க எவனோ ஒருத்தன் பேரு?” என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தபோது சகாயராஜ் குறுக்கே பாய்ந்தார். “உங்க காருங்க பின்கண்ணாடியில குலசாமி பேரு, அப்பா அம்மா பேரு, புள்ளைங்க பேரு, மச்சான் பேருகூட ஒட்டியிருக்கீங்க. ரோட்டைக் காட்டிவிட்டவன் பேருக்கு மட்டும் எடமில்லையாங்க?” டாக்சிக்காரர் முகம் சுண்டிப்போனது. வெளியே வந்ததும் நான் கத்தினேன், வந்த வேலையைக் கெடுக்கவா வந்தீர்கள் என்று. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

பேருக்கு அலைகிற மனிதர் என்றுதான் நினைத்தேன், மடையன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டிவிஎஸ்ஸில் கிளம்பிப் பாப்பாரப்பட்டிப் பக்கத்துச் சந்துபொந்தெல்லாம் அந்த மேப்பில் வரைந்தவர் அவர். அதனால்தான் குதிக்கிறார் என்று ஒருநாள் மூஞ்சிக்கு நேராகவே கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. “அந்த வரியில என் பேரே வராது மாதையா. வரைஞ்ச அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே வரிதான். அதை எடுத்துட்டா மேப்பு நம்மளதுன்னு ஆயிடும். அப்ப அதுல இருக்கிற தப்பும் நம்மளது. நாம திருத்துவோமா?” என்றார். திருத்துவோம், திருத்துவோம் என்றேன்.

எங்கே திருத்தினோம்? போன மழையில் அவர் ஊர் ஓடையின் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போனது. அந்த வாரமே அவர் பொது மேப்பில் அதை மாற்றிவிட்டார். எங்கள் ஆப்பில் இருந்ததோ பழைய நகல். புதுசை ஏற்றச் சொல்லி, அந்த வரியையும் போடச் சொல்லி நச்சரித்தார். அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றேன். கடைசிச் சண்டையும் அதற்குத்தான்.

அரூரிலிருந்து பஸ் பிடித்துத் தருமபுரி வந்து, எங்கள் ஆப்பிலேயே கார் பிடித்தேன். எட்டு வருஷப் பழக்கத்தில் அவர் வீட்டுக்கு ஒருதடவைகூடப் போனதில்லை. எனக்கு வழி தெரியாது, டிரைவருக்கும் தெரியாது. மேப் சொன்னபடி போனோம். பாப்பாரப்பட்டி தாண்டி ஒற்றை ரோட்டில் வளைந்து வளைந்து போய் கார் நின்றது. முன்னால் பாலம் இல்லை. உடைந்த சிமெண்டும் தண்ணீரும்தான்.

வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “சாவுக்குங்களா? காலையில இருந்து நாலு காரு இப்பிடியேதான் வந்து திரும்புதுங்க. எல்லாம் இந்த ஆப்பைப் பார்த்துத்தான் வருது. அதுல இருக்கிற நம்பருக்குப் போன் போட்டா ஒன்னை அமுத்து, ரெண்டை அமுத்துங்குது. இதை யார்கிட்டதாங்க சொல்றது?”

என்னிடம்தான் சொல்லவேண்டும். அவரிடம் வேறு வழிகூடக் கேட்காமல் காரைத் திருப்பச் சொன்னேன். சுற்றிக்கொண்டு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. கல்லறையில் பெட்டியை மூடி இறக்கிவிட்டிருந்தார்கள். ஒரு கைப்பிடி மண் போட்டேன். முகம் பார்க்கவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்காகக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தோம் அங்கிள்” என்றாள்.

மறுநாள் புது மேப்பை ஏற்றி அந்த வரியைப் போட்டேன். டாக்சிக்காரர் உடனே போன் செய்தார். “அது இருக்கும்ங்க, புடிக்கலைன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க” என்று வைத்துவிட்டேன். இந்தத் தைரியம் ரெண்டு நாள் முன்னால் வந்திருக்கக்கூடாதா?

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வரிதான். அவ்வப்போது அதைத் தொட்டுத் திறந்து அவர் ஊரைத் தேடிப் பார்க்கிறேன். ரோடு ஓடைக்கு முன்னால் நின்றுவிடுகிறது. அவர் நிறுத்தியது. மேற்கே தென்னந்தோப்பைச் சுற்றி ஒரு மண்பாதை கல்லறை வாசல் வரைக்கும் போகிறது. அதையும் அவர்தான் வரைந்திருக்கிறார். அன்றைக்கு அதைப் பார்த்திருந்தால் நாலரைக்கே, பெட்டியை மூடுமுன் போய்ச் சேர்ந்திருப்பேன்.