புற்றுக்காளான் கவுச்சியான கதை

போன வாரம் பேத்தி பல்லடத்திலிருந்து டப்பாவில் அடைத்த காளான் வாங்கி வந்தாள். கல்லூரியில் உயிர்களை இனம் பிரிக்கிற படிப்புப் படிக்கிறவள். அரிந்துகொண்டே, "அம்மாயி, இது செடியும் இல்லீங்க, பிராணியும் இல்லீங்க. தனி இனமுங்க" என்றாள். நாம் தின்பது வெளியே தெரிகிற கொஞ்சம்தானாம். மிச்ச உடம்பெல்லாம் மண்ணுக்குள் நூல் நூலாக ஓடிக் கிடக்குமாம். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் இதே கேள்விக்குப் பெரிய மனுசர்கள் கூடி உட்கார்ந்து ஒரு பதில் சொன்னார்கள். அந்தப் பதிலால் ஒருத்தி வீட்டை விட்டே போனாள்.

அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ இருக்கும். நல்லூர்ப் பக்கமெல்லாம் பருத்தியும் சோளமுமாகக் கிடந்த காலம். பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. கிணறு தூர்வாரும்போது மண் சரிந்து சித்தப்பா போய்விட்டார். அந்தக் கிணறு இருந்த தோட்டம்தான் அவருடைய பங்கு. சின்னம்மாவுக்குக் குழந்தை இல்லை. வெள்ளைச் சேலை கட்டினவள் கறி, மீன், முட்டை என்று எந்தக் கவுச்சியும் வாயில் வைக்கக்கூடாது என்று பெரியப்பா ஒரு சட்டம் வைத்தார். அதன்படி நடக்கிறவரை வீட்டில் இடமும் தோட்டத்து வெள்ளாமையில் பங்கும் உண்டு, மீறினால் இரண்டும் இல்லை என்று பங்காளிகள் முன்னால் சொன்னார். கேட்டவர்களெல்லாம் அவரைப் பெரிய மனசுக்காரர் என்றார்கள்.

ஆனால் கறி சமைப்பது சின்னம்மாதான். அவள் கைப்பக்குவம் வீட்டில் வேறு யாருக்கும் வராது. ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கும்போது என்னைக் கூப்பிட்டு, கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி என் உள்ளங்கையில் விடுவாள். "உப்புப் பாரு அம்மிணி" என்பாள். நான் நக்குவதை, விழுங்குவதை, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் பார்வையை எடுக்கமாட்டாள். பிறகு மாட்டுக்கொட்டகை ஓரம் இருந்த தன் சின்னச் சட்டியில் ரசம் வைத்துக்கொள்வாள்.

ஐப்பசியில் இடி இடித்துப் பெய்த மறுநாள் தோட்டத்து வேலி ஓரப் புற்றில் காளான் பூத்திருந்தது. நாய்க்குடை எது, தின்கிற காளான் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாவாடை மடி நிறையப் பறித்து வந்து சின்னம்மாவிடம் கொடுத்தேன். சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும் அரைத்துப் போட்டுத் தன் சட்டியிலேயே வறுத்தாள். வாசம் வாசல்வரை போயிற்று. அவள் தின்றதை நான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், விரல் இடுக்கில் ஒட்டியதைக்கூட விடாமல் தின்றாள். அன்றைக்கு உப்புப் பார்க்க என்னைக் கூப்பிடவில்லை.

பெரியப்பா சந்தையிலிருந்து திரும்பியவர் வாசலிலேயே நின்று, இன்றைக்கு என்ன கறி என்று கேட்டார். கறி எடுக்கவில்லை என்றாள் பெரியம்மா. சின்னம்மாவின் சட்டியைக் காட்டினாள்.

சின்னம்மா தின்றது கவுச்சியா என்று தீர்க்க, பெரியப்பா சொல்லியனுப்பி மறுநாள் காலையில் இரண்டு பங்காளிகள் வந்தார்கள். ஒருவர் மூக்குப்பொடி போடுகிறவர். இன்னொருவர் ஆட்டு வியாபாரி. ஆட்டைத் தொட்டுப் பார்த்தே வயிற்றில் எத்தனை குட்டி என்று சொல்லிவிடுவார். அதுவரை காளான் எதில் சேர்த்தி என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கிடைத்த அன்றைக்குச் சமைத்தோம், தின்றோம், அவ்வளவுதான்.

ஆட்டு வியாபாரி மீதியிருந்த ஒரு காளானைக் கையில் வாங்கினார். தண்டைக் கிழித்து, கோழி நெஞ்சைப் போல நார் நாராக வருகிறதே என்றார். குடையைத் திருப்பிப் பார்த்து, அடியில் மீன் செவுள் மாதிரி இருக்கிறதே என்றார். பொடிக்காரர் மட்டும், கத்திரிக்காயைப் போலத்தானே இதுவும் மண்ணில் முளைக்கிறது என்று இழுத்தார்.

"கத்திரிக்கு வெத உண்டு, பூ உண்டு. இதுக்கு என்ன இருக்குதுங்க? இடி இடிச்சா எந்திரிச்சு நிக்குது" என்றார் பெரியப்பா.

சின்னம்மா தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அதுவரை ஆம்பளைகள் பேசும் இடத்தில் அவள் குரலை நான் கேட்டதில்லை. "ஏனுங் மாமா, அரியறப்ப ரத்தம் வரலீங்க. கத்தவும் இல்லீங்க" என்றாள் பெரியப்பாவிடம். பொடிக்காரர் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பெரியப்பா முகம் கறுத்துவிட்டது.

கடைசியில் பொடிக்காரரே ஒரு வழி சொன்னார். வேர் இருந்தால் செடி. வேரைக் காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். வேர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பறிக்கும்போதே தண்டு மண்ணுக்குள் வால் மாதிரி இறங்கிப் போனதைப் பார்த்திருந்தேன். யாரும் சொல்வதற்கு முன்னால் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

புற்றின் அடிவாரத்தில் தண்டைப் பிடித்தபடியே தோண்டினேன். அது மெலிந்து மெலிந்து கீழே போய்க்கொண்டே இருந்தது. முழங்கை முழுக்க உள்ளே போகிற ஆழத்தில் அது ஒரு கட்டியில் போய் முடிந்தது. தேன்கூட்டைப் போலப் பொந்து பொந்தான கட்டி. அதன்மேல் ரவையை இறைத்தது போல வெள்ளை வெள்ளையாக மணிகள். நடுவே கறையான்கள் ஓடின. வேர் அறுந்துவிடாமல், கட்டியோடு பெயர்த்து, ஆமணக்கு இலையில் வைத்துச் சிந்தாமல் கொண்டு வந்தேன். சின்னம்மாவை நான்தான் காப்பாற்றினேன் என்று வழியெல்லாம் எனக்குப் பெருமை.

பெரியப்பா முன்னால் வைத்து, "வேர் இருக்குதுங்க பெரியப்பா" என்றேன்.

அவர் வேரைப் பார்க்கவில்லை. கட்டியைப் பிட்டார். ஒரு வெள்ளை மணியை நகத்தால் எடுத்து ஆட்டு வியாபாரியின் உள்ளங்கையில் வைத்தார். அவர் வெயிலில் பிடித்துப் பார்த்து, முட்டைதான் என்றார்.

"முட்டையிலிருந்து வர்றது செடியாகுமா? நீங்களே சொல்லுங்க" என்றார் பெரியப்பா.

சின்னம்மா அந்தக் கட்டியைப் பார்க்கவே இல்லை. என் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் குன்னத்தூரில் இருந்த அவளுடைய அண்ணன் வந்து அழைத்துப் போனார். சின்னச் சட்டியைப் பெரியம்மா குப்பைமேட்டில் போட்டு உடைத்தாள். கிளம்பும்போது சின்னம்மா என் கன்னத்தைத் தடவினாள். "உப்பு சரியாத்தான் இருந்துச்சு அம்மிணி" என்றாள். பஸ் நிற்கும் இடம்வரை போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் வீட்டில் அவள் எப்படி இருந்தாள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். செத்த சேதி வந்தபோதுகூட அப்பா மட்டும்தான் போய்வந்தார்.

அந்த வெள்ளை மணிகள் முட்டையில்லை என்று போன வாரம் பேத்தி சொன்னாள். காளானின் மொக்கு மாதிரியாம். கறையான்தான் அதைப் பயிர் வைத்துத் தின்கிறதாம். அந்தக் கட்டியை நான் கொண்டு வந்ததால்தான் எல்லாம் கெட்டது என்று பெரியம்மா சாகும்வரை சொல்லிக்காட்டினாள். நான் ஒரு நாளும் தலை குனிந்ததில்லை. முட்டை கிடைக்காவிட்டால் எலும்பைக் கண்டுபிடித்திருப்பார்கள். தோட்டம் பெரியப்பா கைக்கு வந்தது. இப்போது அதில் அவர் மகனுடைய பனியன் கம்பெனி நிற்கிறது. புற்று இருந்த இடத்தில் ஜெனரேட்டர்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

சின்னம்மா போன மறுவருசம், புரட்டாசிச் சனிக்கிழமை. வீட்டில் கவுச்சி கிடையாது, விரதச் சாப்பாடு. முந்தின நாள் இடியோடு மழை பெய்திருந்தது. பெரியப்பா இலை முன்னால் உட்கார்ந்தார். பெரியம்மா பருப்பு வைத்தாள், பொரியல் வைத்தாள், அப்புறம் காளான் வைத்தாள். அதே புற்றில் பறித்தது. பெரியப்பா சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. எத்தனையோ வேலைக்கு நடுவில், தானே முட்டை என்று சொன்னதை மறந்து விரதத்தைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று இருந்தது. "பெரியப்பா, அது..." என்று வாயெடுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். கண்ணில் தண்ணீர் வருகிற கிள்ளல்.

பெரியப்பா நிமிர்ந்து, உப்புத்தான் கொஞ்சம் கம்மி என்றார்.

பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே நான் எழுந்து போய், உப்பு எடுத்து வந்து அவருடைய இலை ஓரத்தில் வைத்தேன்.