சோழபுரம் வைத்தியருக்குத் தூது போனது

வைத்தியரை வீட்டுக்கு அழைப்பது அந்தக் காலத்தில் லேசான காரியம் இல்லை. நோயாளி எப்படி இருக்கிறார் என்பதைவிட, அழைக்கப் போகிற ஆள் எப்படி வந்து நிற்கிறான் என்பதைத்தான் வைத்தியர் முதலில் பார்ப்பார். ஈரத்துணியோடு போகக் கூடாது. எண்ணெய் வடிகிற தலையோடு போகக் கூடாது. கையில் அரிவாளோ கயிறோ விறகோ இருக்கக் கூடாது. வந்தவன் நிற்கிற நிலையையும் அவன் பேசுகிற முதல் பேச்சையும் வைத்தே நோய் தீருமா தீராதா என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். தீராது என்று பட்டால் கொண்டுபோன வெற்றிலையைத் தொடமாட்டார். அதோடு அந்த வீட்டில் அழுகை தொடங்கிவிடும்.

எங்கள் பெரியப்பாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்கு முடியாமல் போனாலும், தூது போகிறவனை நிறுத்தி வைத்து மேலும் கீழும் பார்த்து அனுப்புகிறவரே அவர்தான். அப்படிப்பட்டவர் எங்கள் அம்மாவுக்காகப் போனபோது தோளில் மாட்டுக் கயிற்றோடு போய் நின்றுவிட்டார்.

தம்பி பிறந்து இன்னும் மாதம் நிறையவில்லை. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அம்மாவுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டது. கட்டினது வீங்கிச் சிவந்து, காய்ச்சல் கொதித்தது. பிள்ளையைக் கிட்டே கொண்டுபோனாலே அலறுவாள். அத்தைதான் ஆட்டுப்பாலைக் காய்ச்சிச் சங்கில் ஊற்றித் தம்பிக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கண்டிச் சீமைக்குப் பிழைக்கப் போயிருந்தார். வீட்டில் எது என்றாலும் பெரியப்பா சொல்வதுதான்.

அத்தை அப்பாவோடு கூடப் பிறந்தவள். வாழப்போன வேகத்திலேயே வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தவள். ஸ்ரீவில்லிபுத்தூர் தர்மாஸ்பத்திரியில் பொம்பளைகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு மருத்துவச்சியம்மா வந்திருக்கிறாளாம், அங்கே கொண்டுபோகலாமே என்று அவள் கதவுக்குப் பின்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். பெரியப்பா துள்ளிவிட்டார். அங்கே மருந்தில் சாராயம் கலக்கிறான், கத்தியை எடுத்துத்தான் பேசவே ஆரம்பிக்கிறான், நம்ம வீட்டுப் பொம்பளையை அங்கே கொண்டுபோய்க் கிடத்துவதா என்று கத்தினார். கத்தின சூட்டோடு, கட்டுத்தறியில் அவிழ்த்த கயிற்றைத் தோளில் போட்டது போட்டபடி சோழபுரத்துக்கு நடையைக் கட்டிவிட்டார்.

திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வைத்தியர் வெற்றிலையைத் தொடவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். அவள் அதற்குப் பிறகு முனகுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அத்தை அழவில்லை. என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். முகம் கழுவி, தலையைக் காயவைத்து வாரி, பக்கத்து வீட்டில் செவ்வந்திப் பூ வாங்கி வைத்துவிட்டாள். பண்டிகைக்கு எடுத்த பாவாடையைக் கட்டிவிட்டு, கையில் வெற்றிலை பாக்கும் சீப்புப் பழமும் கொடுத்தாள். முதல் பேச்சில் நோய், சாவு, காய்ச்சல் எதுவும் வரக் கூடாது, "ஐயாவை அம்மா கூட்டியாரச் சொன்னாக" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றாள். வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு நடந்தேன். வைத்தியர் வீடு தெரிகிற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். தன் முகத்தில் அவர் விழித்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்று ஒரு பனைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

வைத்தியர் வாசலில் வேர் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் ஏறிட்டுப் பார்த்தார். எனக்கு அம்புட்டும் மறந்துபோயிற்று. அவர்தான் கேட்டார்.

"யாரு தாயி இம்புட்டு அழகாப் பூ வச்சுவிட்டது?"

"அத்தை. அந்தா பனைக்குப் பின்னால நிக்காக."

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. கண்ணில் நீர் முட்டிவிட்டது. வைத்தியர் பனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மீசைக்குள்ளே சிரிப்பு வந்தது.

"ஏத்தா, வெயில்ல நிக்காத. இங்ஙன வா" என்று கூப்பிட்டார்.

அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். வீக்கம் கல்லாக இருக்கிறதா, அமுக்கினால் குழைகிறதா என்று கேட்டார். பழுத்த அத்திப்பழம்போல் இருக்கிறது என்றாள். குளிர் நடுக்கம் வருகிறதா, என்ன பத்துப் போட்டீர்கள் என்றெல்லாம் விசாரித்தார். ஒரு ஆண்பிள்ளை ஒரு பெண்பிள்ளையிடம் அப்படித் தலையைச் சாய்த்துக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. கடைசியில், உன் மனசில் என்ன இருக்கிறது என்றார். அத்தை மெதுவாக என்னமோ சொன்னாள். ஆஸ்பத்திரி என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது.

"நீ சொன்னா அங்க ஏறாது. நான் சொல்லிப் பாக்கேன்" என்றவர், என் கையிலிருந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்கு வந்து, கதவிடுக்கில் நீட்டின அம்மாவின் இடது கையில் நாடி பார்த்தார். பிறகு பெரியப்பாவை உட்காரச் சொன்னார். தூது வந்த பிள்ளை லட்சுமியாட்டம் வடக்கே இருந்து வந்தது, அதனால் மருந்தும் வடக்கேதான் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் போய்க் கீறிக்கொள்ளத்தான் வேண்டும் என்றார். பெரியப்பா வாயைத் திறந்தார். வைத்தியர் விடவில்லை.

"கோழி கூப்பிடயில வண்டியப் பூட்டிரணும். வெயில் ஏறிட்டா நேரம் செத்துப்போகும். பொறவு என்னையக் கேக்காதிய."

நேரம் என்று வந்துவிட்டால் பெரியப்பா எதிர்த்துப் பேசமாட்டார். இருட்டோடு வண்டி கிளம்பிவிட்டது. வைக்கோல் மெத்தையில் அம்மா, அவள் தலைமாட்டில் அத்தை, மடியில் தம்பி, வால்பக்கம் நான். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சேவகன் எண் போட்ட தகரத் துண்டுகளை வந்தவர்களுக்கு வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். எங்களுக்குக் கிடைத்தது. எங்களுக்குப் பின்னால் வந்த வண்டிக்காரர்களுக்குத் துண்டு தீர்ந்துபோய், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டான். வைத்தியர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் எப்படிப் பலித்தது பார் என்று பெரியப்பா போகிற வருகிற எல்லோரிடமும் சொன்னார். அந்த நேரம் பஞ்சாங்கத்தில் இருந்து வந்தது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

மருத்துவச்சியம்மா அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அத்தையையும் கூட வரச் சொன்னாள். ஒரே ஒரு அலறல் கேட்டது. பெரியப்பா காதைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்த அத்தையின் சேலை முன்னால் எல்லாம் கறை. "சீழெல்லாம் இறங்கிருச்சு. தூங்குறா" என்றாள்.

அம்மா பிழைத்து வீடு வந்தாள். தம்பிக்கு மறுபடி பாலும் கொடுத்தாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் வைத்தியர் தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். வைத்தியரே நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார், அவர் கை தளர்ந்துவிட்டது என்று ஊரில் பேச்சுக் கிளம்பியிருந்த சமயம். அவர் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. பெரியப்பா போட்ட மணையை நகர்த்திக் கதவோரம் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருந்த அத்தையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தப் பக்கம் கீறினார்கள்? எம்புட்டு ஆழம்? கீறுகிறதுக்கு முன்னால் கத்தியை எதில் போட்டார்கள், அந்தத் தண்ணீர் என்ன வாசம் அடித்தது? உள்ளே திரி வைத்தார்களா, எப்போது மாற்றினார்கள்? அத்தை சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பையனைப்போல உதட்டை அசைத்துத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். விளங்காத இடத்தில் மறுபடி கேட்டார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் கும்பிடுகிற இம்புட்டுப் பெரிய வைத்தியருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று, அன்றைக்கு எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.