கழுவிய முட்டைகள்

மகள் யு.கே.ஜி. படித்த வருடம் அது. கன்னட எல்லையோரத்து மூக்கண்டப்பள்ளியில் ஒரு ஹாலும் சமையலறையும் மட்டும் இருந்த வாடகை வீட்டில் குடியிருந்தோம். நாட்றாம்பாளையத்தில் இருக்கும் என் அண்ணியிடம் போனில் பேசும்போதெல்லாம் பின்னால் கோழிக்குஞ்சுகள் கத்துவது கேட்கும். "எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் அத்தை குஞ்சு வர்றதில்ல?" என்று மகள் ஒருநாள் போனைப் பிடுங்கிக் கேட்டாள். அனுப்பி வைக்கிறேன் என்றார் அண்ணி. குழந்தையிடம் சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்துத் தபால்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். டப்பாவைச் சுற்றித் துணி வைத்துத் தைத்து, அதன்மேல் 'கண்ணாடிச் சாமான்' என்று எழுதியிருந்தது. முட்டை என்று எழுதினால் தபாலில் வாங்க மாட்டார்களோ என்று அண்ணிக்குப் பயம்.

"கண்ணாடி ஒழுகுதும்மா," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார் அவர்.

உள்ளே கேழ்வரகு வைக்கோலில் பதினொரு நாட்டுக்கோழி முட்டைகள். அடை வைப்பதென்றால் அண்ணிக்கு ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க நடுவில் ஒரு கரித்துண்டும் போட்டிருந்தார். வழியில் இரண்டு முட்டை உடைந்து, மஞ்சள் கருவும் கரியும் குழைந்து மற்ற ஒன்பதின் மேலும் அப்பியிருந்தது. மகள் அதற்குள் கையை விட்டிருந்தாள்.

பால் பாக்கெட்டைக் கூடச் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கம் கொரோனா காலத்தில் என்னிடம் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் விட்டுவிட்டார்கள், நான் மட்டும் விடவில்லை. முதலில் மகளின் கையைக் கழுவினேன். பிறகு ஒன்பது முட்டைகளையும் குழாயடியில் வைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டு, பளபளவென்று கழுவித் துடைத்தேன். கரித்துண்டைக் குப்பையில் போட்டேன். சுத்தமாக வேலையை முடித்த திருப்தியோடு அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன்.

அண்ணி மறுபடி கேட்டார்.

"சோப்புப் போட்டா கழுவுன, கண்ணு?"

ஆமாம் என்றேன்.

"முட்டை மேல கண்ணுக்குத் தெரியாம மாவாட்டம் ஒரு பூச்சு இருக்குது. அது போச்சுன்னா அழுக்கு உள்ள எறங்கிரும்."

"அப்ப பொரிக்காதா அண்ணி?"

"பொரிச்சாலும் பொரிக்கும். எங்க கோழிங்கல்லாம் படிக்காததுங்க. குளிக்க வெக்காமயே அடை காக்குதுங்க."

ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்துவிட்டு, பிறகு சூடு காட்டச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தபோது மகள் ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பக்கம் கண்ணும் வாயும், மறுபக்கம் தலைமுடியும் வரைந்துகொண்டிருந்தாள். ஒன்பதையும் கொன்றுவிட்டேனோ என்ற நினைப்பை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கணவர் தன் கம்பெனியில் பார்ட்ஸ் வரும் தெர்மகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். மூடியில் துளை போட்டு, ஹோல்டர் மாட்டி, வீட்டிலிருந்த எல்.இ.டி. பல்பைப் போட்டார். பெட்டி முழுக்க வெளிச்சம், சூடு மட்டும் ஏறவே இல்லை. குண்டு பல்பு தேடி நான் நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடைக்காரர் கன்னடம் கலந்த தமிழில், இந்தக் காலத்தில் இதை யார் கேட்கிறார்கள் என்று முணுமுணுத்தபடியே பரணிலிருந்து தூசு தட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மகளுக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைத்தான் பெட்டிக்குள் வைத்தோம். தொண்ணூற்றொன்பதரை இருக்க வேண்டும். மகளுக்கு அந்த அளவு காட்டியிருந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பேன். முட்டைகளுக்கு அது ஒரு புள்ளி குறைந்தாலும் பெட்டியின் மூடியை அழுத்தி மூடுவேன். தெர்மாமீட்டரை உதறி உதறி வைத்துப் பார்ப்பேன். ஒரு வீடியோவில் பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் வை என்றார்கள், இன்னொன்றில் எடு என்றார்கள். நான் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

இப்போது நினைத்தால் அந்த மூன்று வாரங்களும் ஒரே நாள் போலத் தோன்றுகின்றன. மார்கழிக் குளிர். ஸ்வெட்டரோடு மகள் பெட்டிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருப்பாள். காலையில், மதியம் பள்ளி விட்டு வந்ததும், மாலையில் என்று மூன்று வேளையும் முட்டைகளைத் திருப்புவது அவள் வேலை. "கண்ணு மேல," "முடி மேல," என்று சொல்லிச் சொல்லித் திருப்புவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கணவர் முதல் பூசைக்கும், நானும் மகளும் இரண்டாம் பூசைக்கும் போனோம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் நிறுத்திய நாளில் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, என் பழைய நைட்டியில் சுற்றி உள்ளே வைத்தேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதுகூட நாங்கள் மூன்று பேரும் அப்படி ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஏழாம் நாள் போன் டார்ச்சை அடியில் பிடித்துப் பார்த்தபோது ஆறு முட்டைகளில் சிவப்பு நரம்பு ஓடியது. மூன்று வெறுமையாக இருந்தன, அவற்றை அன்றே எடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் பெட்டியிலிருந்து நாற்றம் வந்தது. உள்ளே அழுகிய முட்டை ஒன்று. அது எதனால் அழுகியது என்று எனக்குத் தெரியும். மகள் பள்ளியில் இருந்த நேரமாகப் பார்த்து அதை எடுத்தேன். அடுத்த வாரத்தில் இன்னும் இரண்டை எடுத்தேன். எங்கே என்று அவள் கேட்டபோது, வேறு இடத்தில் தூங்குகின்றன என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான்.

இருபத்தோராம் நாள் மாலை ஒரு முட்டையில் மிளகு அளவுக்கு ஓட்டை விழுந்தது. உள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். மறுநாள் காலையிலும் அதே ஓட்டைதான், சத்தம் மட்டும் குறைந்திருந்தது. ஓட்டையைச் சுற்றி முட்டையோட்டைக் கொஞ்சம் பெயர்த்துவிடலாமா என்று அண்ணியிடம் கேட்டேன்.

"கைய வெக்காத கண்ணு. நீ பிச்சா ரத்தம் வந்துரும். மூடியக்கூடத் தொறக்காத."

எதற்கும் லீவு போடவிடாத நான் அன்று மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மூடியை மூடி, இரண்டு கையையும் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். சமையல் இல்லை. பதினொரு மணிக்குச் சத்தம் நின்றது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன். பன்னிரண்டைத் தாண்டியதும் ஏதோ உருண்டு மோதியது. காற்றுக்காக ஓரத்தில் போட்டிருந்த துளை வழியாகப் பார்த்தோம். ஓடு இரண்டாகக் கிடக்க, ஈரப் பஞ்சு போல ஒன்று தலையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தது. மாலைக்குள் இன்னொன்றும் வந்தது. மூன்றாவது வரவில்லை.

"மத்ததெல்லாம் எப்பம்மா எந்திரிக்கும்?" என்று மகள் கேட்டாள்.

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எந்திரிக்காது பாப்பா. பார்சல் வந்தன்னிக்கு அம்மா எல்லாத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். கழுவக் கூடாதுன்னு அம்மாவுக்குத் தெரியல. அதுல கெட்டுப்போச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்த இரண்டு குஞ்சுகளையும் பார்த்தாள்.

"இதுங்களையும் கழுவுனியா?"

"கழுவுனேன்."

மறுபடி துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"சரி. மெதுவாப் பேசும்மா, தூங்குதுங்க."