பிறைக்கு ஒரு கட்டம்

ரிஸ்னா, அஸ்லம், போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "வாப்பா, எட்டாம் வகுப்போட ஸ்கூல விட்ட நீங்க எப்பிடி கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் செஞ்ச?" என்று கேட்டு இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் புரோகிராம் எழுதவில்லை. எழுதியவர் வேறு ஆள். என்ன எழுத வேண்டும் என்று சொன்னவன் நான். அதுவும் ஒரு வேலைதான். அந்த வேலையில் நான் விட்ட பிழையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. ஹாஜியாரின் நிபந்தனை

தொண்ணூறுகளின் நடுவில் நான் கல்முனையில் ஒரு வாடகைச் சாமான் கடையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். கலியாண வீட்டுக்கும் கந்தூரி விருந்துக்கும் சஹன், சோறாக்கும் கிடாரம், கதிரை, பந்தல் தகரம் எல்லாம் எங்களிடமிருந்துதான் போகும். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹன் மட்டும் நூற்றிருபது இருந்தது. நோன்புப் பெருநாள் முடிந்ததும் ஊரெல்லாம் கலியாணம். அந்த ஒரு கிழமைதான் எங்களுக்கு அறுவடை.

கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முந்தின வருடம் கொப்பியில் ஒரே நாளுக்கு இரண்டு வீட்டின் ஓடரை எழுதிவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் வந்து குந்திவிட்டார்கள், கறி ஆறுகிறது, சஹன் இல்லை. பெண்ணின் வாப்பா எங்கள் முதலாளி ஹாஜியாரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையே போதும். ஹாஜியார் இரண்டு நாள் கடைக்கு வரவில்லை.

நான்தான் விடாமல் நச்சரித்தேன். "ஹாஜியார், கம்ப்யூட்டர் எடுப்பம். ஒரு நாளுக்கு ரெண்டு ஓடர் விழுந்தா அதுவே சொல்லும்."

கடைசியில் ஓம் என்றார். ஆனால் விரலை நீட்டி நிபந்தனை போட்டார். "ஹனீபா, வாற பெருநாளைக்கு ஒரு கலியாண வீட்டிலயும் சஹன் குறையப்படா. குறைஞ்சா அந்தப் பெட்டியும் வீட்ட போகும், அதத் தூக்கிட்டு நீயும் போவா."

ரிஸ்னா, அப்போது உனக்கு நாலு வயது. அஸ்லம் உம்மாவின் மடியில்.

2. நாற்பது பக்கம்

காரைதீவு சிவநேசன் தம்பி கொழும்பில் படித்துவிட்டு வந்து கல்முனையில் கம்ப்யூட்டர் வகுப்பு வைத்திருந்தார். புரோகிராம் எழுத அவரைத்தான் பிடித்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"காக்கா, எனக்கு உங்கட கடை தெரியா. ஒரு ஆள் படியில கால் வெச்சதில இருந்து, சாமான் திரும்பி வந்து எண்ணி அடுக்கிற வரைக்கும் எழுதித் தாங்க. ஒண்டும் விடாதீங்க."

ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினேன். எழுத எழுத எனக்கே ஆச்சரியம். பன்னிரண்டு வருடமாகச் செய்துவந்த வேலையில் இவ்வளவு இருக்கிறதா! ஆள் இறந்த மையித்து வீட்டுக்குக் கதிரை போவதென்றால் ஓடர் பார்க்கக்கூடாது, உடனே ஏற்ற வேண்டும். கிடாரம் கரியோடு திரும்பி வந்தால் ஒரு நாள் கழுவப் போகும், அந்த நாளில் அதை வேறு ஆளுக்குக் கொடுக்க ஏலாது. இப்படி நாற்பது பக்கம்.

ஒன்றரை மாதத்தில் முதல் புரோகிராமைக் கொண்டுவந்து போட்டார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. எல்லாம் இங்கிலீஷ், தமிழ் எழுத்து அந்தப் பெட்டியில் இல்லை. ஆள் அறுநூறு என்று தட்டினேன். சஹன் அறுநூறு என்று வந்தது.

ஹாஜியார் குனிந்து பார்த்தார். "என்ன தம்பி, ஆளுக்கொரு சஹனா? ஆளுக்காள் கோவிச்சிட்டா இரிக்காங்க?"

சிவநேசன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே ஆறால் வகுத்துத் திருத்தினார். நோன்பு தொடங்கும்போது எல்லாம் சரி. ஒரே நாளுக்குச் சஹன் கூடிப்போனால் திரை 'டீக்' என்று கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் பொய் ஓடர் போட்டுப் பார்ப்பேன்.

3. "பிறை தென்படவில்லை"

நோன்பு மாதத்தில் ஓடர்கள் வந்து குவிந்தன. நிந்தவூர் போடியார் ஒருவர், நூறு ஏக்கர் வயல்காரர், மகளின் கலியாணத்துக்கு வந்தார். "பெருநாளைக்கு மூணாம் நாள் மனே. எழுவது சஹன்."

திரையில் திகதி என்று ஒரு கட்டம். அதில் திகதியைத் தவிர வேறெதையும் அது ஏற்காது. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். பெருநாள் வியாழன், மூன்றாம் நாள் சனி. சனிக்கிழமைத் திகதியைத் தட்டினேன். பெருநாளை வைத்துச் சொன்ன பதினேழு ஓடரையும் அப்படியே தட்டினேன்.

மருதமுனையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அவருடைய மருமகன் கொழும்பில் உத்தியோகம், லீவு எடுத்தாயிற்று. "ஞாயித்துக்கிழமைதான், மாத்த ஏலா. எண்பது சஹன்." ஞாயிறு காலியாகத்தான் இருந்தது. திரை கத்தவில்லை. சந்தோஷமாகப் பதிந்தேன்.

நோன்பு இருபத்தொன்பது, புதன்கிழமை. அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டு எல்லாரும் பள்ளிவாசல் முற்றத்தில் நின்றோம். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், எங்கேயும் பிறை தென்படவில்லை, நாளை நோன்பு முப்பது. பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். பெரியவர்கள் ஒன்றும் நடக்காததுபோல வீட்டுக்குத் திரும்பினார்கள்.

நான் மட்டும் அங்கேயே நின்று விரல்விட்டு எண்ணினேன். பெருநாள் வெள்ளிக்குப் போய்விட்டது. அப்படியென்றால் போடியாரின் மூன்றாம் நாள், ஞாயிறு. எழுபதும் எண்பதும் நூற்றைம்பது. இருப்பதோ நூற்றிருபது.

4. வியாழன்

விடிந்ததும் சைக்கிளை மிதித்துக் காரைதீவுக்குப் போனேன். சிவநேசன் பல் துலக்கிக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"காக்கா! நாப்பது பக்கம் எழுதினீங்க, இத ஏன் எழுதல்ல?"

"தம்பி, பிறையப் பாத்துத்தான் பெருநாள் எண்டு ஆருக்குத் தெரியா?"

"பெருநாள் மாறும் எண்டு எனக்கும் தெரியும். பெருநாளை வெச்சு நாள் எண்ணி ஓடர் தாறாங்க எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

உண்மைதானே.

அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தால் ஹாஜியார் எங்களுக்கு முன்னே வந்து நிற்கிறார். ஒளிக்காமல் சொன்னேன். அவர் கொப்பியைத் தூக்கிக் காட்டினார். "இதில நான் என்ன எழுதுவன்? 'பெருநாள் மூணு' எண்டு எழுதுவன். பெருநாள் எங்க போனாலும் அது கூடப் போகும். உன்ட பெட்டிக்குப் பிறையும் தெரியா, ஒண்டும் தெரியா."

சிவநேசன் அதைக் கேட்டதும் துள்ளி எழும்பினார். "ஹாஜியார், அதேதான்! திகதிக் கட்டத்துக்குப் பக்கத்தில இன்னொரு கட்டம். பெருநாளைக்கு எத்தினையாம் நாள் எண்டு."

எனக்கும் பொறி தட்டியது. "தம்பி, பிறை தெரியிற வரைக்கும் ரெண்டு நாளையும் பிடிச்சு வைக்க ஏலுமா? பெருநாள் வியாழனா இருந்தாலும் இந்தாளுக்கு, வெள்ளியா இருந்தாலும் இந்தாளுக்கு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. "காக்கா, இத நான் யோசிக்கல்ல."

உட்கார்ந்தார். நாங்கள் நோன்பு என்பதால் எங்கள் முன்னால் அவரும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. நடுப்பகல் லுஹர் பாங்குக்கு முன்னர் முடித்துவிட்டார். பதினேழு ஓடருக்கும் எத்தனையாம் நாள் என்று நான் தட்டினேன். பெருநாள் வெள்ளி என்று ஒரே ஒரு தரம் போட்டோம். பதினேழும் ஒரு நாள் தள்ளிப் போய் உட்கார்ந்தன. 'டீக்' என்று ஒரே ஒரு சத்தம். ஞாயிறு, சஹன், முப்பது குறைவு. மற்றதெல்லாம் சரி.

ஹாஜியார் கொப்பியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "சஹன் குறையுது எண்டு போன வருஷம் எனக்குச் சொன்னது ஆர் தெரியுமா? பெண்ணுட வாப்பாட முகம். அதுவும் சாப்பாட்டு நேரத்தில." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "முப்பது இன்னும் குறைஞ்சுதான் இரிக்கி. போ, நிந்தவூருக்கு. நீயே சொல்லு."

5. நிந்தவூர் கிணற்றடி

பஸ்ஸில் போகும்போது சொல்லவேண்டியதை மனதுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன். போடியார் பந்தல் கால் நடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முன்னால் எல்லாம் மறந்து போயிற்று. "போடியார், என்னில பிழை" என்று தொடங்கி நடந்ததைச் சொன்னேன்.

கதவுக்குப் பின்னால் நின்ற அவர் மனைவிதான் முதலில் கதைத்தார். "ஹாஜியார்ட கம்ப்யூட்டர் நோன்பு நோக்கிறல்ல போல."

போடியார் குலுங்கிச் சிரித்தார். "எத்தினை தர ஏலும்?"

"நாப்பது."

"அப்ப ரெண்டு பந்தி போடுவம். ஆனா மனே, முதல் பந்தி எழும்பி ரெண்டாம் பந்தி குந்திறத்துக்குள்ள நாப்பதும் கழுவி வரணும். ஆர் கழுவுற?"

"நான் கழுவுறன்."

ஞாயிற்றுக்கிழமை மருதமுனைக்கு எண்பது சஹனை ஏற்றிவிட்டு நாற்பதோடு நிந்தவூருக்குப் போனேன். முதல் பந்தி எழும்பியது. கிணற்றடியில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கழுவத் தொடங்கினேன். ஐந்தாறு கழுவியிருப்பேன், பக்கத்தில் யாரோ குந்தினார்கள். ஹாஜியார். வெள்ளைச் சேர்ட்டின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தார்.

"என்ன பாக்கிறாய், கெதியாக் கழுவு."

இரண்டாம் பந்தி குந்தியபோது நாற்பதும் பளபளவென்று உள்ளே போயிற்று. ஒரு ஆள்கூடக் காத்திருக்கவில்லை. மருதமுனையிலும் ஒரு குறையும் இல்லை என்று லொறி டிரைவர் வந்து சொன்னான். ஹாஜியார் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "பெட்டி இரிக்கட்டும். நீயும் இரி."

பிள்ளைகளே, பின்னாளில் இன்னும் நாலைந்து கடைக்காரர்கள் புரோகிராம் செய்விக்க யோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். எல்லாரிடமும் முதலில் இதைத்தான் கேட்பேன்: "உங்கட கடையில சொல்லத் தேவையில்ல எண்டு நீங்க நினைக்கிறது என்ன?" தெரியாததை நாம் எப்படியும் கேட்டு அறிந்துகொள்வோம். எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைப்பதுதான் யாருடைய கொப்பியிலும் ஏறாமல் போகிறது.

அந்தக் கலியாணத்துக்கு அடுத்த நாள் திங்கள். கடை திறக்கும் நேரத்துக்கு முன்னரே போய் நான் மட்டும் உள்ளே இருந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். புதிய கலியாண ஓடர். பெயர்: ரிஸ்னா. சஹன்: நூற்றிருபது. நாள்: பெருநாள் மூன்று. பெருநாள் எப்போது என்று தெரியுமா என்று திரை கேட்டது. இல்லை என்று தட்டினேன். கத்தாமல் வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.