தோட்டத்துக் கல்லும் சித்தப்பாவின் துப்பாக்கியும்

ஆமத்தூருக்கு மேற்கே எங்கள் தோட்டத்துக்கும் சித்தப்பாவின் தோட்டத்துக்கும் நடுவே இருந்த எல்லைக் கல், ஒரு தை மாதத்தில் எங்கள் பக்கம் நகர்ந்து நின்றது. எங்கள் கிணற்றுக்குப் போகும் பாதை முழுக்க அவர் பக்கம் போய்விட்டது. பாதை போனால் தண்ணீர் இல்லை. அண்ணன் கேட்கப் போய் வாசலோடு திரும்பினான். காட்டுப்பன்றிக்கென்று உரிமம் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சித்தப்பா பல் தேய்க்கும்போதும் தோளில் மாட்டியிருப்பார்.

"பன்னி இப்ப ரெண்டு கால்லயும் வருதுலே" என்று துப்பினாராம்.

பங்குனியில் தேர்தல் அறிவித்தார்கள். உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சித்தப்பா ஒப்படைத்துவிட்டு வெறுந்தோளோடு பஸ்ஸில் இறங்கியதை நானே பார்த்தேன்.

"இதவிட்டா நேரம் கெடைக்காது. கடப்பாரைய எடு" என்றான் அண்ணன்.

அது புதன்கிழமை என்று அவன் இன்றும் சாதிக்கிறான். வியாழன்தான். அன்று காலை கரண்ட் இல்லை, எந்தத் தோட்டத்திலும் மோட்டார் ஓடவில்லை. அதனால்தான் கடப்பாரைச் சத்தம் சித்தப்பா வீடு வரை கேட்டது.

வந்தார். கையில் துப்பாக்கி. அவருடைய மாமனார் பரணில் விட்டுப்போன, உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி.

அண்ணன் பயப்படவில்லை. "கொக்கு சுடவா வந்திருக்கீக?"

"கல்ல விடுலே."

"சுடுங்க. சத்தமாச்சும் வருதான்னு பாப்போம்."

குழல் அண்ணனின் நெஞ்சுக்கு நேரே இறங்கியது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. விசையை இழுத்தார். குழலே வெடித்துச் சிதறியது.

சித்தப்பாவின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். ஒரு விரல் கல்லின் மேல் ஒட்டிக் கிடந்தது. இரும்புத் துண்டொன்று அண்ணனின் காதைக் கிழித்திருந்தது. நாட்டுத் துப்பாக்கிக்குக் கரிமருந்து வேண்டும். அது கைவசம் இல்லாமல், தன் பட்டாசுக் கம்பெனியில் அணுகுண்டு வெடிக்கு அடைக்கிற, கரிமருந்தைவிடப் பல மடங்கு வேகமான வெள்ளை மருந்தைக் குழலில் கொட்டியிருக்கிறார். மருந்து ஒரு சிட்டிகை கூடினாலும் ஆட்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர்.

காரில் ஏற்றினோம். நான் ஓட்டினேன். பின்சீட்டில் அவர் கையைத் துண்டால் இறுக்கிப் பிடித்திருந்த அண்ணன், சிவகாசி ரோடு ஏறுமுன் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"கல்லு எங்கன நிக்கணும் சித்தப்பா?"

"ஏலே, ரத்தம் போகுதுலே..."

"போகுதுதான். எங்கன நிக்கணும்?" பிடியைத் தளர்த்தினான். என் சீட்டின் முதுகில் ரத்தம் பீய்ச்சியது.

"பழைய எடத்துல. பழைய எடத்துலயே வச்சுக்க. வண்டிய எடுக்கச் சொல்லுலே!"

ஆஸ்பத்திரியில் "வெடி வெடிச்சிருச்சு" என்றோம். விரல் இல்லாமல் வருகிறவரிடம் இந்தப் பக்கத்தில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. துப்பாக்கித் துண்டுகளை அண்ணன்தான் பொறுக்கி எங்கள் கிணற்றில் போட்டான். அவை அங்கே கிடப்பது சித்தப்பாவுக்கும் தெரியும்.

வைகாசியில் உரிமத் துப்பாக்கி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. இப்போது வலது தோளில் மாட்டுவதில்லை. மாலையில் வீட்டுக்குப் பின்னால் தகர டப்பாக்களை வரிசையாக வைத்து இடது கையால் சுட்டுப் பழகுகிறார். முதலில் டப்பாக்கள் விழவில்லை. போன வாரத்திலிருந்து விழுகின்றன.

கல் பழைய இடத்தில் நிற்கிறது. தண்ணீர் பாய்ச்சப் போகும்போது அண்ணன் கடப்பாரையையும் கொண்டுபோகிறான்.