கரை ஒதுங்கிய புட்டிகள்

எழுபதுகளின் கடைசியில், கரையோர நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று அறிய எங்கள் ஆய்வகத்தில் வேறு கருவி இல்லை. பழுப்பு நிற மருந்துப் புட்டிக்குள் ஓர் அஞ்சலட்டையைப் போட்டு, மெழுகால் அடைத்து, புதுச்சேரிக்குக் கிழக்கே படகிலிருந்து கடலில் விடுவேன். கண்டெடுத்தவர் இடமும் தேதியும் எழுதி அஞ்சலில் சேர்க்க வேண்டும். நூறு புட்டிகள் விட்டேன். ஓர் அட்டைகூட வரவில்லை. நீரோட்டம் ஆழ்கடலுக்குப் போகிறது என்று அறிக்கை எழுதினேன், அதுவும் அச்சாகிவிட்டது.

பிறகு ஓர் ஆடி மாதம் புதுச்சேரியை ஒட்டிய மீனவ ஊரான வீராம்பட்டினம் போயிருந்தேன். கடற்கரையில் ஓலை வேய்ந்த சின்னக் கோயில். அம்மன் காலடியில் என் புட்டிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் குங்குமப் பொட்டு. ஒன்றின் மெழுகுகூட உடையவில்லை.

விளக்கேற்றிக்கொண்டிருந்த மீனவப் பெண்ணிடம் கேட்டேன்: "இதெல்லாம் எங்கம்மா கெடைச்சுது?"

"கரையில ஒதுங்குனது சார். கடல் குடுத்தது, ஆத்தாவுக்கு வெச்சுட்டோம்."

"எந்த எடம், என்னைக்குன்னு...?"

"அது ஆத்தாவுக்குத்தான் தெரியும்."

என் அறிக்கை தப்பு என்று தெரிந்துவிட்டது. சரி எது என்று சொல்ல எதுவுமில்லை. அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் திறந்து படியுங்கள் என்பதைப் புட்டிக்கு உள்ளே எழுதி வைத்து அடைத்தவன் நான்தான்.