நிறுவுனர் அம்மாவும் அவருடைய பட்டதாரியும்

முதியோர் இல்ல வேலை என்பது, ஊரார் பெற்றோரை நாங்கள் குளிப்பாட்ட, எங்கள் பெற்றோரை ஊரில் வேறு யாரோ குளிப்பாட்டுகிற தொழில். இடுப்பு வலிக்குப் பட்டி கட்டிக்கொண்டு காலை பஸ்ஸுக்கு ஓடிய சகோதரங்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டாயிரங்களின் நடுவில், ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் நான் வேலை செய்த மாடியில் நடந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வயிற்றெரிச்சல் கொஞ்சம் குறையும்.

நெற்றிக்குப் போன கை

எங்கள் மாடிக்குப் பிலிப்பைன்ஸ் மூதாட்டி ஒருவர் வந்து சேர்ந்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்திருந்தது. நினைவும் நாக்கும் கூர்மையாகவே இருந்தன. ஜேர்மன்காரரைக் கட்டிய மகள் கூட்டி வந்து, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் இங்கே விட்டிருந்தாள். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கணவரின் நெல் களஞ்சியத்தில் ஏழைப் பெண்களை இருத்தித் தாதிப் படிப்புச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி, அதையே ஒரு பல்கலைக்கழகமாக வளர்த்தவர். பட்டமளிப்பு உடுப்பில் அவருடைய பெரிய படம் கட்டிலுக்கு மேலே தொங்கியது. நாங்கள் நிறுவுனர் அம்மா என்றே சொல்லுவோம்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த மாரிட்டெஸ் எங்களோடுதான் வேலை செய்தாள். மணிலாவில் பெரிய ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவள், ஜேர்மன்காரரைக் கட்டி இங்கே வந்தாள். அவள் பட்டத்தை இந்த நாடு இன்னும் ஏற்கவில்லை, அதனால் உதவியாளர். கழுவலாம், ஊட்டலாம், ஊசியைத் தொடக்கூடாது. அம்மாவைக் கண்டதும் ஓடிப்போய் அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள். பெரியவர்களிடம் அவர்கள் ஆசி வாங்குவது அப்படித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் நின்ற மாடிப் பொறுப்பாளர் பெண்மணிக்கு ஒன்றும் கலங்கவில்லை.

"காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போ. நோயாளியின் கையை வைத்துப் பார்க்காதே, வெப்பமானி இருக்கிறது."

எந்தப் பல்கலைக்கழகம்?

அம்மாவுக்குத் தினமும் இன்சுலின் போடவேண்டும். முதல் நாள் ஊசியோடு நான் போக, "நீ எந்தப் பல்கலைக்கழகம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பல்கலைக்கழகப் பக்கமே போனதில்லை, இங்கே மூன்று வருடம் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்பு முடித்தேன் என்றேன். முகம் சுருங்கியது. பக்கத்தில் நின்ற மாரிட்டெஸைக் காட்டி, "உங்கட பட்டதாரியே போடட்டும், நான் கண்ணை மூடிக்கொள்ளுறன்" என்று பகிடி விட்டேன். பாவி, மாரிட்டெஸின் முகம் அந்த நிமிடம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும்.

அம்மா சிரிக்கவில்லை. இங்கே உனக்கு அனுமதி இருக்கிறதா என்று அவளைக் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அம்மா கையை என் பக்கம் நீட்டினார்.

"அனுமதி இல்லாதவரிடம் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்று உனக்குப் படிப்பித்ததே நான்தான். நீ படுக்கையை விரி."

ஒரே ஒரு வார்த்தை

மாரிட்டெஸின் பட்டத்தை ஏற்கவேண்டுமானால், அவள் எவ்வளவு ஆஸ்பத்திரிப் பயிற்சி எடுத்தாள் என்று அவளுடைய பல்கலைக்கழகம் உறுதிப்படுத்த வேண்டும் என்றது இங்கத்தைய அலுவலகம். அவளும் எழுதி எழுதி அலுத்துவிட்டாள். அங்கிருந்து ஒரு பதிலும் இல்லை. அலுவலகம் கொடுத்த தவணை முடியப்போகிறது. பல்கலைக்கழகத்தை அப்போது நடத்தியது அம்மாவின் மகன். ஒரு நாள் மாரிட்டெஸ் தலை சீவிவிட்டபடி, மகனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அம்மாவைக் கெஞ்சினாள். நான் படிப்பித்த பிள்ளைகள் யாரும் சிபாரிசில் முன்னுக்கு வரவில்லை, வரிசையில் நில் என்றுவிட்டார் அம்மா. தவணை முடிந்தது, மறுப்பு வந்தது. நேர்ஸாக வேண்டுமானால் முதலிலிருந்து அவுஸ்பில்டுங் செய்யட்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடுப்பு மாற்றும் அறையில் கத்தினேன். உந்தக் கிழவிக்கு இனித் தலை சீவப் போகாதை, எக்கேடும் கெடட்டும் என்றேன். மாரிட்டெஸ் கண்ணைத் துடைத்துவிட்டுச் சப்பாத்து நாடாவைக் கட்டினாள்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. ஒரு சதமும் வாங்காமல் என்னைப் படிப்பிச்சவ. அவ இல்லாட்டி நான் இப்பவும் கடற்கரையில மீன் வித்துக்கொண்டிருப்பன்."

மகன் வந்தார்

அந்தக் குளிர்காலத்தில் அம்மா போய்விட்டார். கடைசியாகக் கழுவி, உடுத்தி, கைகளைச் சேர்த்து வைத்தது மாரிட்டெஸ்தான். மகன் மணிலாவிலிருந்து வந்து இறங்கினார். இல்லத்து உணவறையில் சிறிய அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். அம்மா உருவாக்கிய தாதிகள் இல்லாத நாடே உலகில் இல்லை என்று மகன் நீளப் பேசினார். வந்த கடிதங்களுக்குப் பதில் போடத்தான் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கூட்டம் முடிய, தாயைப் பார்த்துக்கொண்டவர் யார் என்று விசாரித்தார். பொறுப்பாளர் மாரிட்டெஸைக் காட்டி, எங்கள் உதவியாளர் என்றார். நான் வாயைத் திறந்தேன். மாரிட்டெஸ் என் கையை நோக நோக இறுக்கிப் பிடித்தாள். மகன் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"உனக்கு நல்ல மனசு. எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வா, உன்னையும் ஒரு நேர்ஸ் ஆக்கிவிடலாம்."

அடுத்து வந்த இலையுதிர்காலம் மாரிட்டெஸ், பள்ளிக்கூடம் முடித்து வந்த பிள்ளைகளோடு அவுஸ்பில்டுங் வகுப்பு வாங்கில் இருந்து, சோப்புப் போட்டுக் கை கழுவுவது எப்படி என்ற முதல் பாடத்தைப் படிக்கத் தொடங்கினாள். முயற்சி செய்தால் தேறிவிடுவாள் என்று எங்கள் பொறுப்பாளரும் நம்பிக்கை தெரிவித்தார்.